மூணுகால் மேசையும் ரெண்டு வாளியும்

அன்பு மகள் வாலுக்கு, அம்மா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் நல்லாச் சாப்பிட்டு, நல்லாத் தூங்கி, ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக்காம இருப்பீங்கன்னு நம்புறேன். இங்க நாங்க ரெண்டு பேரும், பதினேழு நாற்காலியும், நாலு கட்டிலும், கதவு இல்லாத ரெண்டு அலமாரியும், அலமாரி இல்லாத ஒரு கதவும் சௌக்கியமா இருக்கோம். நேத்துதானே போன்ல பேசினோம், இன்னிக்கு என்ன லெட்டர்னு நீ கேப்பே. போன்ல பேசினா உங்கப்பா கையில உப்புத்தாளோட பக்கத்துலயே வந்து உட்கார்ந்துக்கிறார், ஸ்பீக்கர்ல போடு ஸ்பீக்கர்ல போடுங்கிறார், அவரைப் பத்தி அவர் முன்னாடியே நான் எப்படிப் பேசுறது? அதான் அவர் ஆணி வாங்கப் போன நேரமாப் பார்த்து சமையல்கட்டுல நின்னுக்கிட்டே எழுதுறேன். ஏன் நிக்கிறேன்னா உட்கார இடமில்லை. பதினேழுல ஒன்பது ஈரம், அஞ்சுக்கு இருக்கை இல்லை, மிச்ச மூணும் பழம்பொருளாம், அதுல யாரும் உட்காரக் கூடாதாம்.

ரிட்டயர் ஆனதும் மனுஷன் பேப்பர் படிப்பார், கொஞ்சம் நடப்பார்னு நினைச்சு ஏமாந்தவ நான். நடக்கத்தான் போறார், ஆனா திரும்பி வரும்போது தோள்ல ஒரு கட்டில் சட்டம் வருது. தெருவுல யார் வீட்டு வாசல்ல எந்த மரச்சாமான் கிடந்தாலும் விரலை மடக்கித் தட்டிப் பார்த்து, தேக்கு, சுத்தமான தேக்குன்னு என் காதுல ரகசியம் சொல்றார். டீயில மரத்தூள், தலையணையில மரத்தூள், மூச்சை இழுத்தா வார்னிஷ். போன வாரம் மீட்டர் பார்க்க வந்தவரை ஒரு நாற்காலியில உட்கார வெச்சு அந்த நாற்காலியோட முழு வரலாற்றையும் சொல்லி முடிச்சார், பாவம் அவர் எழுந்தா பின்னாடி வார்னிஷ்ல அஞ்சு பட்டைக் கோடு. வெள்ளைப் பேன்ட் வேற. போன வருஷம் என் காய் வெட்டுற பலகையோட ஒரு மூலை திடீர்னு காணாமப் போச்சே, ஞாபகம் இருக்கா, எலி கடிச்சிருக்கும்னு சாதிச்சாரே, அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் நீ என்ன சொன்னே? தினம் புலம்பாதம்மா, அப்பா வெளியே போற நேரமாப் பார்த்து ஒண்ணொண்ணா வெளியே தள்ளு, இருக்கிற கூட்டத்துல ஒண்ணு குறைஞ்சா அவருக்குத் தெரியவா போகுதுன்னு சொன்னியா இல்லையா? பெத்த பொண்ணு, படிச்ச பொண்ணு சொல்றாளேன்னு கேட்டேன். உங்கப்பா பல் டாக்டர்கிட்ட போன அன்னிக்குப் பழைய சாமான் எடுக்கிறவர் வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தார். பின்ரூமுக்குள்ள கையை விட்டு சாக்குக்கு அடியில அகப்பட்டதை இழுத்தேன், வட்டமாச் சின்னதா ஒரு மேசை வந்துச்சு, மேல ஒரு தட்டு வைக்கத்தான் இடம் இருக்கும். கால் மூணுதான் இருந்துச்சு. சரி, ஒரு கால் ஒடிஞ்ச மேசை, இதைப் போய்க் கட்டிக்கிட்டு அழுறாரேன்னு நினைச்சு அதையே தூக்கிக் குடுத்துட்டேன். அவர் பதிலுக்கு ரெண்டு பிளாஸ்டிக் வாளி குடுத்தார், ஒண்ணு பச்சை ஒண்ணு சிவப்பு, மூடியோட. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கிட்டு அந்தப் பச்சை வாளியிலயே தரையைத் துடைச்சேன்.

பத்தொன்பது நாள் போச்சு. ஒரு திங்கக்கிழமை உங்கப்பா வாடகைக் காரில வந்து இறங்குறார், மடியில அதே மேசை. ஊர்க்கோடியில இருக்கிற பழைய சாமான் கடையில கிடைச்சதாம். அதுக்கு மேல அவர் சொன்னாரே அதுதான் என்னைச் சாய்ச்சுது. இது யாருதுன்னு தெரியுதா, எங்கப்பா கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் நின்ன ஜோடியில ஒண்ணு, மூணு காலோடயே செஞ்ச மேசை, பாகம் பிரிச்சப்ப அண்ணனுக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணு வந்துச்சு, என்னுது பின்ரூம்ல இருக்கு, அப்போ இது அண்ணன் வித்ததுன்னார். நான் வாளிக்குப் போட்டது உன் தாத்தாவோட மேசைன்னு அந்த நிமிஷம்தான் எனக்கு உறைச்சுது.

பெரியப்பாவும் உங்கப்பாவும் ஒன்பது வருஷமாப் பேசிக்காதது உனக்குத் தெரியும், ஏன்னு முழுசா உனக்குச் சொன்னதில்லை, சொன்னா சிரிப்பே. பெரியப்பா பாகத்துக்குப் போன சாப்பாட்டு மேசையோட நாலு காலையும் அவர் ஒரு சாண் அறுத்துட்டார், டிவி வைக்கத் தோதா இருக்கும்னு. அதைப் பார்த்துட்டு வந்த உங்கப்பா அன்னிக்குச் சாப்பிடவே இல்லை. அவர் என் மேசை என் இஷ்டம்னார், இவர் இனிமே உங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னார், முடிஞ்சுது உறவு. போன மாசம் பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன்னு யாரோ சொல்லிக் கேட்டதுல இருந்து ரெண்டு நாள் இவர் உப்புத்தாளையே தொடலை, ஒரு நாற்காலியை வெறிச்சுப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தார். போய்ப் பார்த்துட்டு வாங்களேன்னா, எந்த முகத்தோட போறதுன்னார். இப்ப என்னடான்னா ஞாயித்துக்கிழமை நேர்ல போய் நடு ஹால்ல இந்த மேசையை வெச்சு நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கப் போறாராம். ஒரு தப்பும் செய்யாத மனுஷனை, ஆபரேஷன் முடிஞ்சு கிடக்கிறவரைக் கூண்டுல ஏத்தினா அதுக்கப்புறம் இந்த ஜென்மத்துல அண்ணன் தம்பி ஒட்டுவாங்களா? எல்லாம் அந்த ரெண்டு வாளியால.

சொல்லிடலாம்னு மூணு தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை அவர் மெஷின் போட்டுத் தேய்ச்சுக்கிட்டிருந்தார், நான் கத்தினது எனக்கே கேக்கலை. ரெண்டாவது தடவை, அண்ணனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வராதேன்னு முன்கூட்டியே வாயை அடைச்சுட்டார். மூணாவது தடவை நானே பயந்து திரும்பி வந்துட்டேன், உன்கிட்ட என்ன ஒளிவு. பின்ரூம்ல இருக்கிறதைக் கொண்டு வந்து பக்கத்துல வெச்சுப் பார்ப்போம்னு கிளம்பிடுவாரோன்னு அந்த ரூம் வாசல்ல ரெண்டு கட்டிலைக் குறுக்கே போட்டு, பூச்சி மருந்து அடிச்சிருக்கேன் உள்ளே போகாதீங்கன்னேன். சரின்னுட்டார். என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கலை. என் நல்ல நேரம்னு நினைச்சுக்கிட்டேன். பெரியம்மாவுக்கு ஒளிஞ்சு போன் போட்டு, அக்கா உங்க மூணுகால் மேசை இருக்கான்னு கேட்டேன். ஒன்பது வருஷம் கழிச்சுப் பேசுறவ மனுஷங்களை விட்டுட்டு மேசையை நலம் விசாரிக்கிறாளேன்னு அவங்க, யாரு பேசுறதுன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. அப்புறம், இருக்கு, அதுமேலதான் அவருக்குக் கண்ணுல விடுற சொட்டு மருந்தெல்லாம் வெச்சிருக்கேன்னாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

ஞாயித்துக்கிழமை உங்கப்பா சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டார். சண்டைக்குப் போற மனுஷன் எதுக்கு எண்ணெய் வெச்சு வகிடெடுத்துச் சீவுறார்னு அப்பவாவது என் மண்டையில ஏறியிருக்கணும். மேசையை மடியில வெச்சுக்கிட்டுக் கார்ல உட்கார்ந்தார். கதவைத் திறந்தது பெரியப்பாவே, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, ரொம்ப இளைச்சுட்டார். உங்கப்பா நடு ஹால்ல மேசையை வெச்சார். வெச்சுட்டு நிக்கிறார், சேர்த்து வெச்சிருந்த நாலு வார்த்தையில ஒண்ணுகூட வெளியே வரலை. பெரியப்பா குனிஞ்சு அதைக் கையால தடவிப் பார்த்தார், உள்ளே போனார், தன்னோட மேசையைத் தூக்கிட்டு வந்து பக்கத்துல வெச்சார். ரெண்டு மேசையும் ஜோடியா நிக்குது, நாங்க நாலு பேரும் அதையே பார்த்துக்கிட்டு நிக்கிறோம். இனி தாங்காதுன்னு நான் போட்டு உடைச்சுட்டேன்: "நான்தான் குடுத்தேன். வாளிக்குக் குடுத்தேன். ஒரு கால் ஒடிஞ்சு போச்சுன்னு நினைச்சுட்டேன்." முதல்ல சிரிச்சது பெரியப்பாதான். எத்தனை வாளின்னு கேட்டார். ரெண்டுன்னேன். மூடி உண்டான்னார். உண்டுன்னேன். அவ்வளவுதான், குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார், சிரிக்காதீங்க கண்ணுக்கு ஆகாதுன்னு பெரியம்மா கத்துறாங்க, கத்திக்கிட்டே அவங்களும் சிரிக்கிறாங்க.

உங்கப்பா மட்டும் சிரிக்கலை. அவர் பார்வை டிவிக்கு அடியில நின்ன அந்தக் குட்டைக்கால் சாப்பாட்டு மேசை மேல இருந்துச்சு. போச்சு, அடுத்த ஒன்பது வருஷம் ஆரம்பிச்சுதுன்னு நினைச்சேன். பெரியப்பா சிரிப்பை நிறுத்திட்டு உள்ளே போய் ஒரு செருப்புப் பெட்டியைக் கொண்டு வந்து தம்பி கையில குடுத்தார். திறந்தா, அறுத்த நாலு கால் துண்டு. இத்தனை வருஷமாத் துணியில சுத்தி வெச்சிருந்திருக்கார். மன்னிப்பும் கேக்கலை, விளக்கமும் சொல்லலை. உங்கப்பா ஒவ்வொண்ணா எடுத்து வெளிச்சத்துல திருப்பிப் பார்த்துட்டு, ஒட்டிடலாம், உள்ளே ஒரு மர முளை அடிச்சா நிக்கும்னார், அளக்க டேப் இருக்கான்னு கேட்டார். ரெண்டு பேரும் தரையில உட்கார்ந்தாங்க, சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திரிக்கலை.

போகும்போது ஒரு மேசை, வரும்போது ரெண்டு. அவர் மடியில நம்மது, என் மடியில பெரியப்பாவோடது, மெருகு போட்டுத் தரணுமாம். என் மேல கோபமே இல்லையான்னு கேட்டேன். அவர் தன் மடியில இருந்ததைத் தலைகீழாத் திருப்பிக் காட்டினார். அடியில ஒரு ஒட்டு, அது முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக் கத்திக் கோடு. என் பலகையோட மூலை! அந்த எலி இவர்தான். கடையில திருப்பிப் பார்த்ததுமே நம்ம மேசைன்னு தெரிஞ்சு போச்சாம். அப்போ ஆறு நாள் என்னை எதுக்கு நடுங்க வெச்சீங்கன்னு கேட்டா, கார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டு மெதுவாச் சொல்றார்: "ஒன்பது வருஷம் கழிச்சு வெறுங்கையோட எப்படிப் போறது?"

அதுக்கப்புறம் ரெண்டு நாள் நான் அவரோட பேசலை, அது அவருக்குத் தெரியவும் இல்லை. சாப்பாட்டு மேசையும் இங்க வந்து இறங்கியாச்சு. பெரியப்பா தினமும் வந்துடுறார், தூசி ஆகாதுன்னு ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்துக்கிட்டு, இடது பக்கம் கோணல், இடது பக்கம் கோணல்னு சொல்லிக்கிட்டே இருக்கார். உட்கார்ந்திருக்கிறது அந்த மூணு பழம்பொருள் நாற்காலியில ஒண்ணு, அவருக்கு மட்டும் அனுமதி. சிவப்பு வாளியில இப்ப பிரஷ் ஊறுது. பச்சையை நான் ஒளிச்சு வெச்சுட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்கு முதுகு வலின்னியே, மெத்தையை மாத்துங்க, இங்கிருந்து ஒரு கட்டில் அனுப்பவான்னு உங்கப்பா கேட்டா வேண்டாம்னு நீயே சொல்லிடு, நான் சொன்னா எடுபடாது. இனிமே எனக்கு யோசனை எதுவும் சொல்லாதே. நோய் நொடி அண்டாம, மனசு நிறைஞ்சு, ரெண்டு பேரும் நீடூழி வாழணும்னு தினமும் நினைச்சுக்கிறேன். பெரியப்பா நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கேன். எங்க சண்டையில நீயும்தானே அவரோட பேசாம இருந்துட்டே, உன்னைப் பத்தி ரெண்டு தடவை கேட்டுட்டார். போன்தானே, நீ வெறுங்கையோடயே கூப்பிடலாம்.

உன் பேச்சைக் கேட்டு மாட்டிக்கிட்ட,
அம்மா