பத்து புள்ளி ஆறு

2025 நவம்பர் 9, ஞாயிறு
இன்றைக்கும் கடையில் மாஹிர் அதே கதை. இடுப்பில் கட்ட லோஞ்சி எடுக்க வந்தவரிடம், “2003-ல நம்ம கிளப்புல நூறு மீட்டரைப் பத்து புள்ளி ஆறுல ஓடினேன்” என்று ஆரம்பித்து, கால்பந்தில் வலது விங்கில் ஆடிய ஒன்பது வருடத்தையும் சொல்லி முடித்தார். வந்தவர் லோஞ்சி எடுக்காமலே போய்விட்டார். லான்மடா வட்டாரத்திலேயே வியாபாரத்தைவிட ஓட்டம் அதிகமாக நடக்கிற கடை எங்களுடையதுதான்!

கிளப்பில் ஒரு வழக்கம். பருவம் தொடங்குமுன் ஆட்டக்காரர் எல்லோரும் நூறு மீட்டர் ஓட வேண்டும். சாதனை வைத்தவர் பெயர் பலகையில் ஏறும். இருபத்திரண்டு வருடமாக அங்கே இருப்பது என் வீட்டுக்காரர் மாஹிர் பெயர்.

நவம்பர் 12, புதன்
எதிர்வீட்டு நிஹால் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிட வந்தான். மாஹிர் ஆடிய அதே வலது விங்கில்தான் இப்போது ஆடுகிறான். சம்பளம் பந்தில், மனசு ஓட்டத்தில்.

“போர்டுல இருக்கிறதை உடைச்சா ஓட்டப் பயிற்சிக்குப் போக லீவு தரேன்னாரு கோச்சு. இல்லாட்டி பந்தோட நில்லுன்னுட்டாரு மாமி.”

மாஹிர் அவன் கிண்ணத்தில் இன்னொரு முட்டையைப் போட்டு, “தின்னு. அப்பவும் முடியாது” என்றார். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

நவம்பர் 16, ஞாயிறு
இந்த முறை நேரம் எடுத்தது மின்கருவி; ஜெனரேட்டர் வைத்து ஓட்டினார்கள். நிஹால் 10.81. மாஹிர் அவனைக் கட்டிப்பிடித்தார், ஆனாலும் முகத்தில் பெருமை வழிந்தது. பையன் யாரோடும் பேசாமல் பஸ் ஏறிப் போய்விட்டான்.



நவம்பர் 17, திங்கள்
இங்கேயாவது எழுதிவிடுகிறேன். 2003-ல் கடிகாரம் என் கையில் இருந்தது. கிளப்பில் நேரம் எடுக்கிற வாப்பாவுக்கு அன்று காய்ச்சல். பத்தொன்பது வயதுக்காரி என்னை அனுப்பினார். முடிவுக் கோட்டில் நிற்கிறவர் ஓட்டம் தொடங்கச் சுடும் துப்பாக்கியின் புகையைக் கண்டதுமே அழுத்த வேண்டும். சத்தம் நூறு மீட்டர் தாண்டி வருவதற்குள் கால் நொடிக்கு மேல் ஓடிவிடும். எனக்குத் தெரியும். தெரிந்தும், சத்தம் கேட்டுத்தான் அழுத்தினேன். அவர் ஓடியது உண்மையில் பத்து ஒன்பதுக்குப் பக்கம் இருக்கும்.

அன்றே சொல்லியிருக்கலாம் — அதற்குள் அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். எப்படிச் சொல்ல? அடுத்த வருடம் பெண் கேட்டு வந்தார். அப்புறம் எப்படிச் சொல்ல?

ஏன் புகையை விட்டேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 19, புதன்
சொல்லிவிட்டேன். ஷட்டரைப் பாதி இறக்கியவர் அப்படியே நின்றார்.

“இருபத்திரண்டு வருஷமா ஊரையே அறுத்திருக்கேன். நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுதானே இருந்தே?”



நவம்பர் 20, வியாழன்
லபெயேத் தேநீரை அவர் தானே போட்டுக் குடித்தார். சர்க்கரை எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. பாவி மனுஷன், உப்பைப் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காதது மாதிரி முழுதையும் குடித்தார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு.

நவம்பர் 22, சனி
இன்று அவரே கேட்டார். “புகையைப் பார்க்கணும்னு உனக்குத் தெரியும். பின்னே ஏன் புள்ள?”

“உங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தேன் மச்சான்.”

இரண்டு பிள்ளை பெற்றவள், எழுதும்போதே காது சுடுகிறது. அவர் சட்டையை மாற்றிக்கொண்டு கிளப்புக்குக் கிளம்பினார்.

நவம்பர் 30, ஞாயிறு
பலகைக்குப் புதுச் சாயம். நிஹால், 10.81. நாளை முதல் அவனுக்கு ஓட்டப் பயிற்சி. மாஹிர் தன் பெயரைத் தானே நின்று அழிக்க வைத்தாராம்.

நான் கிளப்புக்குள் நுழைந்ததும் எல்லோரும் ஒரு மாதிரி சிரித்தார்கள். செயலாளர் கபீர் எழுந்து, “புகையைப் பார்க்கச் சொன்னா மாப்பிள்ளையைப் பார்த்தவங்க வந்துட்டாங்க, நாற்காலி போடுங்கப்பா!” என்றார்.

மாஹிரை ஓரமாக இழுத்தேன். “எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களா?”

“பின்னே? பத்து புள்ளி ஆறை எவன் வேணா உடைக்கலாம். இதை எவன் உடைப்பான்?”

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் பக்கத்திலேயே நின்றேன்.