செவலையின் இடது காது

கடைக்குள் வேப்பெண்ணெய் வாடை அடிக்கிறது. காலையில் சட்டைத் துணியோடு வந்தவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, “என்ன அண்ணாச்சி, உள்ள மாடு எதுவும் கட்டிருக்கீரா?” என்று கேட்டார். மாடு இல்லை. உம்முடைய நாய் செவலைதான். நான் துணி வெட்டும் மேசைக்கு அடியில், இடது காதில் எண்ணெயோடு, எனக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறது.

இந்த வாடை உம்மோடு போய்விட்டது என்று நினைத்திருந்தேன். முப்பது வருஷம் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர் நீர். ரிட்டயர் ஆன பிறகும் அது உம் சட்டையை விட்டுப் போகவில்லை. அளவு பார்க்கப் போட்டுக் கழற்றிய புதுச்சட்டையில்கூட ஒட்டிக்கொள்ளும். மாசியில் உம்மைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்த அன்றைக்குத்தான் உம்மிடம் அந்த வாடை இல்லாமல் பார்த்தேன். அன்று அழுதேன். இன்று அழுகை வரவில்லை வே, ஆத்திரம்தான் வருகிறது. செத்தவர் மேல் ஆத்திரப்படக் கூடாது என்கிறாள் என் வீட்டுக்காரி. நீர் என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறீர் என்பது அவளுக்கு இன்னும் முழுசாகத் தெரியாது.

டைகர் விஷயத்தில் தப்பு முழுக்க என்னுடையது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு உம்மிடம் வருகிறேன்.

ராஜபாளையத்திலிருந்து டாபர்மேன் குட்டி வாங்கி வந்து டைகர் என்று பேர் வைத்தேன். வாலை அங்கேயே வெட்டித்தான் கொடுத்தார்கள். காது மட்டும் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. படத்தில் இருக்கிற நாய்க்கெல்லாம் காது கத்தி மாதிரி நிற்கும். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். காது நின்றால்தான் கெத்து, இல்லாவிட்டால் ஆட்டுக்குட்டி என்றார்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு உம்மிடம் வந்தேன். நீர் அதன் காதை மடித்துப் பார்த்தீர், உள்ளே ஊதினீர், அது தலையை உதறியதைப் பார்த்துச் சிரித்தீர்.

“ஏன் வே, காது நிமிந்து நின்னா களவாணி பயந்து ஓடிருவானா? அதுக்கு ஒம்ம மூஞ்சிய போட்டோ எடுத்து வாசல்ல மாட்டி வையும். ஒருத்தன் வரமாட்டான்.”

“வெட்டத் தெரியாதுன்னு சொல்லும், நான் போயிருதேன்.”

“தெரியும். வெட்ட மாட்டேன்.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பக்கத்து ஊரில் ஒருவன் வெட்டுகிறான் என்று கேள்விப்பட்டுக் கொண்டுபோனேன். அவன் மயக்க மருந்து எதுவும் போடவில்லை. வாயைக் கட்டி, என்னையே காலைப் பிடிக்கச் சொல்லி, இரண்டு காதிலும் பாதியை எடுத்தான். எடுத்த துண்டுகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, “இதைச் சுட்டு அதுக்கே தின்னக் குடும். அப்பத்தான் ரோஷம் வரும்” என்றான். நான் சுட்டேன். குட்டியின் முன்னால் வைத்தேன். அது இல்லாத வாலை ஆட்டிக்கொண்டு தின்றது. இதை நான் உம்மைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. இன்று எழுதியாகிவிட்டது, யார் படித்தாலும் படிக்கட்டும்.

காது நிற்பதற்காகப் போட்ட பிளாஸ்திரிக்குள்ளே புழு வைத்தது. வீட்டுக்காரிதான் ஆளனுப்பி உம்மைக் கூப்பிட்டாள். நீர் தினமும் சாயங்காலம் வந்தீர். கிடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுத்துப் போட்டீர். கை பட்டால் அதற்கு வலிக்கும் என்று கோழி இறகை எண்ணெயில் முக்கித் தடவினீர். அத்தனை நாளும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பி கொடுத்தால் குடித்தீர், தம்ளரைக் கீழே வைத்தீர், போனீர். கடைசி நாள் படியிறங்கும்போது திரும்பி, “காதை நிமித்தி வையின்னு அது கேட்டுச்சா ஒம்மகிட்ட?” என்றீர்.

டைகர் பதினோரு வருஷம் இருந்தது. என் கையில் சோறு தின்னும், என் காலடியில் படுக்கும். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோனால் மட்டும் உடம்பைச் சுருக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடும். தடவிக்கொடுக்கத்தான் கையை நீட்டுகிறேன் என்று அதற்கு எப்படிச் சொல்வது? பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அதன் தலையைத் தொட்டதில்லை.

அதற்குப் பிறகு நான் உம் பக்கம் வந்துவிட்டேன். நாய்க் காதை வெட்டப் போகிறேன் என்று யாராவது கடையில் பேச்செடுத்தால் கத்தரியை வைத்துவிட்டுச் சண்டைக்குப் போவேன். ஒருநாள் ஒருவர், “தொங்குத காதுல சீழ் பிடிக்கும் அண்ணாச்சி, அதுக்குத்தான் வெட்டுதாங்க” என்று விளக்கம் சொன்னார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த நீர் நிமிராமலே, “அப்ப கோயில் யானைக்குல்லா மொதல்ல வெட்டணும்” என்றீர். அவர் துணியைக்கூடக் கொடுக்காமல் போய்விட்டார். நாம் இரண்டு பேரும் கண்ணீர் வரச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

செவலை உம் வாசலில் வந்து ஒட்டிக்கொண்ட தெருநாய். வலது காது நிற்கும், இடது காது பாதியில் மடிந்து தொங்கும். “ரெண்டும் ரெண்டு தெருவைப் பாக்குது” என்பீர். போன வருஷம் அது போட்ட ஆறு குட்டியில் ஒன்றுகூடத் தேறவில்லை. இரண்டு குட்டி லாரியில் அடிபட்டது, மிச்சம் மழையில் போயிற்று. கடைசிக் குட்டியைப் புதைத்துவிட்டு வந்து கையைக் கழுவும்போது நான்தான் பேச்சை எடுத்தேன்.

“கருத்தடை ஆபரேஷன் பண்ணிரும் வே. பாவம், வயசாகுது அதுக்கு.”

“பண்ணலாம். ஆனா காதுல வெட்டுவாங்க.”

“அது அடையாளத்துக்கு. ஆபரேஷன் ஆன நாயின்னு தூரத்துலயே தெரியணும்லா? திரும்பத் திரும்பப் பிடிச்சு வயித்தைக் கிழிக்கதுக்கு அது மேல் இல்லையா? மயக்கத்துல கிடக்கும்போது ஒரு சின்ன வெட்டு. டைகருக்கு நான் பண்ணினதும் இதும் ஒண்ணா?”

“மனுசனுக்கு வேற வேற. நாய்க்கு ரெண்டும் ஒரே காதுதான்.”

இந்த இடத்தில் நான் சொன்னதுதான் சரி. இன்றைக்கும் சொல்கிறேன், நான் சொன்னதுதான் சரி. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் பிடித்த பிடியை விட மாட்டீர். நான் கத்தினேன், நீர் கத்தினீர். “அப்ப ஆபரேஷனே வேண்டாம், விடும்” என்று முடித்தீர். அதன் பிறகு அந்தப் பேச்சை நானும் எடுக்கவில்லை, நீரும் எடுக்கவில்லை.

போன மார்கழியில் ஒருநாள் உம்முடைய பழைய வேட்டியைக் கொண்டுவந்தீர். செவலைக்குக் குளிருதாம், ஒரு சட்டை தைக்க வேண்டுமாம். நாலு காலுக்கும் ஓட்டை வைத்து, வயிறு முழுக்க மூடுகிற மாதிரி, முதுகில் முடிச்சுப் போட நாடா வைக்கச் சொன்னீர். நம் ஊர்க் குளிருக்கு நாய்க்குச் சட்டையா என்று உம்மைக் கேலி பண்ணிக்கொண்டே தைத்தேன். “நல்ல சோலி பாத்திருக்கீரு” என்று வாங்கிப் போனீர். பிறகு நாகர்கோவிலில் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றீர். நாயையுமா என்று கேட்டேன். “பேரப்பிள்ளைய பாக்கணுமாம் அதுக்கும்” என்றீர். பத்து நாள் கழித்து வந்தீர்கள், நீரும் நாயும், நாய் அந்தச் சட்டையோடு. மாசியில் நீர் போய்விட்டீர்.

நீர் போன பிறகு செவலைக்குச் சோறு போடுவது நான்தான். பகலில் என் கடைக்கு வரும். படுக்கை மட்டும் பூட்டிக்கிடக்கிற உம் வீட்டு வாசலில்தான். கட்டிப்போட்டுப் பார்த்தேன், கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு அங்கேயே போய்விட்டது. போகட்டும் என்று விட்டேன்.

ஆடி பிறந்ததும் டீக்கடையில் பேச்சு வந்தது. “ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் வருதுல்லா, அதுக்கு முன்னால நாயெல்லாம் பிடிக்காங்க. காதுல வெட்டு இருந்தா விட்டுருவாங்க. இல்லாட்டி வண்டிதான். போன நாயி திரும்பி வருமோ என்னமோ.” நாளைக் காலையில் நம் தெருவுக்கு வண்டி வருகிறது என்றும் சொன்னார்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரியில் டாக்டர் கிடையாது. செவலைக்குப் பத்து வயதாவது இருக்கும். கூண்டில் அடைத்து, கொண்டுபோய், வயிற்றைக் கிழித்தால் தாங்காது என்று பயந்தேன். உம் வாசலில் படுத்திருக்கிற நாயைத் தூக்கிக்கொண்டு போக நான் பார்த்துக்கொண்டு நிற்பதா?

என் மூளைக்கு ஒன்றுதான் தோன்றியது. காதில் ஒரு வெட்டு இருந்தால் போதும்.

கடையைப் பாதி சாத்தினேன். துணிக் கத்தரியை வெந்நீரில் போட்டு எடுத்தேன். பாலில் ரொட்டியை நனைத்து வைத்துக் கூப்பிட்டேன். வந்தது. தின்றது. தின்று முடித்துவிட்டு என் மடியில் தலையை வைத்தது. டைகர் ஒருநாளும் வைக்காத தலை வே அது. மடிந்து தொங்குகிற அந்த இடது காதின் நுனியை விரலால் பிடித்தேன், முன்னே ஒருவன் டைகரைப் பிடித்த மாதிரியே. வெட்டினேன்.

அது என்னைக் கடிக்கவில்லை. கடித்திருக்கலாம். ஒரே ஒரு கத்தல். பிறகு பாதி இறக்கியிருந்த ஷட்டரின் அடியில் நுழைந்து தெருவில் ஓடியது. நான் பின்னாலேயே ஓடினேன். உம் வீட்டுக்குத்தான் போயிருந்தது. பூட்டின கதவைக் காலால் பிறாண்டிக்கொண்டிருந்தது. கதவெல்லாம் இரத்தம். நீர் திறப்பீர் என்று நினைத்திருக்கிறது.

மறுநாள் காலையில் வண்டி வந்தது. நான் உம் வாசலில் செவலைக்குப் பக்கத்தில் நின்றேன். வலையோடு இறங்கிய ஆள் காதைப் பார்த்ததும் முகம் மாறினான். வலையைக் கீழே போட்டுவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தான்.

“யாரு அண்ணாச்சி இப்படிப் பண்ணினது? பச்சைப் புண்ணா இருக்கு.”

“ஆபரேஷன் ஆன நாயி. பிடிக்காதீங்க” என்றேன்.

“அது எனக்குத் தெரியாதா?” என்றான். மெல்லப் பேசிக்கொண்டே அதைச் சாய்த்து, வயிற்று முடியை விரலால் விலக்கிக் காட்டினான். ஒரு விரல் நீளத்துக்கு ஆறிய தழும்பு. “கம்பவுண்டர் ஐயா நாயில்லா இது. போன மார்கழில அவரேதான் எங்க சென்டருக்குக் கொண்டாந்தாரு. ஆபரேஷன் பண்ணுங்க, காதுல மட்டும் கத்தி வைக்கக் கூடாதுன்னு டாக்டர்கிட்ட ஒரே சண்டை. டாக்டரும் சரின்னுட்டாரு. பத்து நாளும் அங்கனயே பெஞ்சுல படுத்துக் கிடந்தாரு மனுசன். நாய்க்குச் சட்டை வேற. ஆபரேஷன் ஆகியும் காது வெட்டாத நாயின்னா எங்க எல்லாருக்கும் இது ஒண்ணுதான். நாங்க இதைத் தொடுவமா அண்ணாச்சி?”

அவன் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காதைக் கழுவிவிட்டான். “எந்தப் பாவியோ” என்று சொல்லிக்கொண்டே கழுவினான்.

நாகர்கோவிலாம், பேரப்பிள்ளையாம். அந்தப் புண்ணுக்குக் கட்டுத்துணி தைத்தவன் நான், என்னிடமே குளிர் என்று சொன்னீர். ஏன் வே? ஆபரேஷன் பண்ணும் என்று நான் சொன்னதைக் கேட்டுச் செய்தீர் என்று எனக்குத் தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதானே? பாதி தோற்றதை ஒத்துக்கொள்ள உமக்கு வாய் வரவில்லை. நான் என்ன, ஊரெல்லாம் தமுக்கு அடித்திருப்பேனா? ஆமாம், நாலு நாள் சொல்லிச் சொல்லிக் காட்டியிருப்பேன். அதைத் தாங்கியிருக்கக் கூடாதா? மாசி வரைக்கும் தினமும் என் கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்தீரே, ஒருநாள் ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் காது முழுசாக இருந்திருக்கும்.

உம்மை எவ்வளவு ஏசினாலும் கத்தரியைப் பிடித்தது என் கைதான். அதுவும் தெரிகிறது. டைகருக்குப் பிறகு புத்தி வந்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பயம் வந்ததும் மறுபடியும் அதே சோலியைத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அழகுக்கு, இன்றைக்கு அடையாளத்துக்கு. நாய்க்கு ரெண்டும் ஒரே காதுதான் என்று நீர் சொன்னது இப்போது புரிகிறது. அதற்காக நீர் செய்தது சரி என்று சொல்ல மாட்டேன். மயக்கத்தில் அந்தச் சின்ன வெட்டை வெட்டவிட்டிருந்தால், அது விழித்துக்கொண்டிருக்கும்போது நான் வெட்டியிருக்க மாட்டேன். இதற்குப் பதில் சொல்ல நீர் இல்லை. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டீர்.

புண் ஆறிக்கொண்டு வருகிறது. புழு வைக்கவில்லை. உம்மைப் போலவே கோழி இறகால்தான் எண்ணெய் தடவுகிறேன், அதுவும் அது அசந்து தூங்கும்போது மட்டும். தபசுக்குக் கொடியேறிவிட்டது, தையலுக்குத் துணி குவிந்து கிடக்கிறது. நான் கத்தரியை எடுத்து அது ‘கறக்’ என்றதும் செவலை எழுந்து வெளியே போய்விடுகிறது. அதனால் அது உம் வாசலில் படுத்திருக்கும் நேரமாகப் பார்த்துத் துணி வெட்டுகிறேன். கடைக்குள் இருக்கும்போது மிஷினை மட்டும் மிதிக்கிறேன்.

நேற்றுக் கத்தரியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, தரையில் உட்கார்ந்து, வெறுங்கையை நீட்டிக் காட்டினேன். வந்தது. விரல் விரலாக முகர்ந்து பார்த்தது. பிறகு அந்த இடது காதை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, என் கைக்கு எட்டாத தூரத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. அந்தக் கையால்தான் உமக்கு இதை எழுதுகிறேன்.