நலத்திரா பாட்டிலில் தைரோமதி

நாள் 112 · 07.10 · மேட்டு நிலையம்

காற்றழுத்தம் சரி. தண்ணீர் 412 லிட்டர். கூடத்தின் வெப்பம் 21 டிகிரி. சரக்குக் கலம் நேற்று இறங்கியது: வடிகட்டி, பருப்பு மாவு, மாத்திரை.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு: நான் ரெஜினா பர்னாந்து, தூத்துக்குடிக்காரி. நிலவின் தென்முனையில் நிலையப் பொறுப்பாளர். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, பள்ளத்துக்குள் பனிக்கட்டிக்காகத் துளைப்பொறி ஓட்டுகிறவர் சுடலைமணி அண்ணாச்சி. இங்கே நாங்கள் இரண்டே பேர். கதிர்வீச்சில் புற்று வந்துவிடக் கூடாது என்று இருவருக்கும் தைராய்டை அறுத்தெடுத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். அதனால் தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அது இல்லையென்றால் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துவிடும்.

இதுவரை வந்தது நலத்திரா. இனிமேல் தைரோமதியாம். அதே 125 மைக்ரோகிராம்தான். பழையது ஒருவருக்கு எட்டு மாதம் வரும். கூடவே ஒரு சுற்றறிக்கை: கலந்து சாப்பிடாதீர்கள்; ஒருவர் பழையதிலேயே இருக்கட்டும், ஒருவர் மாறட்டும்; மாறியவருக்கு ஆறு வாரத்தில் ரத்தப் பரிசோதனை. யார் மாறுவது என்பது பொறுப்பாளர் முடிவு.

நாள் 113 · 09.30

முடிவு செய்துவிட்டேன். பயிற்சிக் காலத்தில் பிராண்ட் மாற்றி மூன்று மாதம் நாய் படாத பாடு பட்டவள் நான். நெஞ்சுப் படபடப்பு, கைநடுக்கம், காரணமில்லாத அழுகை. தனக்குப் போகத்தான் தானமும் தருமமும்.

அண்ணாச்சியிடம் சொன்னால் புலம்புவார், பூமிக்குப் புகார் போகும். தைரோமதியை அட்டையிலிருந்து பிதுக்கி, காலியான நலத்திரா பாட்டிலில் நிரப்பி அவருக்குத் தானியங்கி வண்டியில் அனுப்பினேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒரே அளவு. குப்பை எடையைக் குறைக்க எல்லா மாத்திரையையும் இங்கே பாட்டிலில் கொட்டித்தான் வைப்போம். புதிதாக நான் ஒன்றும் செய்துவிடவில்லை.

ரேடியோவில் சொன்னேன்: "அண்ணாச்சி, பழசு ஒங்களுக்கு. புதுச நான் சாப்பிட்டுக்கிடுதேன்."

"அய்யோ மேடம், எனக்காவ நீங்க கஷ்டப்படணுமா? இந்த மனசு யாருக்கு வரும்!"

கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பிறகு சாப்பிடப் போய்விட்டேன்.

நாள் 151 · 11.05

துளை 610 மீட்டர். 700 இருந்திருக்க வேண்டும். 900 தொட்டால்தான் அடுத்த கலத்தில் எனக்கு ஊர். அண்ணாச்சி ஒரே வாரத்தில் இரண்டு துளைத்தண்டை உடைத்திருக்கிறார். கேட்டால் பொறி சரியில்லையாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

நாள் 155 · 08.20

ஆறு வாரம் ஆயிற்று. தைரோமதிக்கு மாறியவரின் ரத்த முடிவைப் பூமி கேட்டது. என் ரத்தத்தைக் கொடுத்தேன். முடிவு அருமை என்று பாராட்டு வந்தது.

நாள் 171 · 10.45

துளை 745. சரக்குப் பட்டியலுக்காகச் சுற்றறிக்கையை எடுத்தபோதுதான் இரண்டாம் பக்கத்தைப் பார்த்தேன். தைரோமதியை அட்டையை விட்டு எடுத்து வைக்கக் கூடாதாம். ஈரம் பட்டால் வீரியம் போய்விடுமாம். பனிக்கட்டி உருகி, அவருடைய குடில் முழுக்க ஈரம்தான்.

புதிய அட்டைகளை அனுப்பினால் பொய் வெளிப்படும். என் மாத்திரையில் பாதி கொடுக்கலாம். கொடுத்தால் எனக்கு எத்தனை நாள் வரும்? இன்னும் 155 மீட்டர்தான். அவர் கல்லு மாதிரி ஆள், தாங்குவார்.

நாள் 183 · 16.00

அண்ணாச்சி பூமியின் மருத்துவர் ஹபீபாவை அழைத்தார். இணைப்பு என் நிலையம் வழியாகத்தான் போகும். முழுதும் கேட்டேன். பதிவு இது.

"டாக்டரம்மா, குளுருதுன்னா அப்படிக் குளுருது. ஹீட்டர் முப்பதுல ஓடுது, அப்பவும் நடுங்குதேன். நாக்கு தடிச்சுப் போச்சு. தூக்கமும் இல்ல. எம் மவ பேரு நேத்து ரொம்ப நேரம் ஞாவகத்துக்கு வரல."

"மாத்திரை பிராண்ட் எதுவும் மாத்துனீங்களா?"

"இல்லம்மா. அதே நலத்திராதான். புதுச எங்க மேடம்தான் சாப்பிடுதாங்க, புண்ணியவதி."

"ரெஜினா, லைன்ல இருக்கீங்களா? உங்களுக்கு எப்படி இருக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர்."

"அப்ப தைராய்டா இருக்காது. தனிமையில மனசு சோர்ந்திருக்கு. எதுக்கும் ரத்தம் பாத்திடலாமா?"

ரத்தம் பார்க்கும் கருவி என்னிடம்தான் இருக்கிறது. துளை முடிந்ததும் பார்க்கலாம் என்றேன். டாக்டர் சரி என்றார். அதுவரை இரவில் தூக்க மாத்திரை போடச் சொன்னார்.

தைராய்டு வற்றிய உடம்புக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால் மூச்சு அடங்கும். பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லித் தந்தார்கள். என் விரல் ரேடியோவின் பேச்சுப் பொத்தான் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை.

நாள் 186 · 07.30

துளை 871-இல் நிற்கிறது. நேற்றுக் காலையிலிருந்து பதில் இல்லை. கடைசிச் செய்தி முந்தாநாள் வந்தது, குரல் தகரம் மாதிரி: "தங்கச்சி... பொறி ஓடுதா, நிக்குதா... பாத்துச் சொல்லுங்க." ஒருநாளும் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. ஊர்தியை எடுக்கிறேன். என் நலத்திராவையும் எடுத்துக்கொண்டேன். இப்போதுதான் மனம் வந்தது!

நாள் 186 · 15.40 · பள்ளக் குடில்

இறந்துவிட்டார். முகம் ஊதி, ஆளே அடையாளம் தெரியவில்லை. இருக்கிற கம்பளி, விண்ணுடை எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு கிடக்கிறார்.

தலைமாட்டில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே முப்பத்தொரு மாத்திரை. மேலே கோணல்மாணலாக அவர் எழுத்து:

"மேடத்துக்கு. புது மாத்திரை ஒங்களுக்குச் சேராமப் போச்சுன்னா என்ன செய்வீங்கன்னு, ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டேன். இது பழசு, நல்லது. டாக்டரம்மாட்ட சொல்லிறாதீங்க, ஏசுவாங்க."

பூமி அழைத்தது. "ரெஜினா, என்னாச்சு? சொல்லுங்க." மாரடைப்பு என்றேன்.

15.58

பொட்டலம் என் கையில்தான் இருக்கிறது. படிப்பவரே, உம்மிடம் மட்டும் சொல்கிறேன். மாரடைப்பு இல்லை. அவர் எனக்காக, ஐயோ, அந்த உதவாத மாத்திரையையும் எனக்காக. நான் அவரை