நாற்பத்தேழும் முப்பத்தெட்டும்

சிவகாசி,
11-6-2006, ஞாயிறு.

அன்பு மகள் சுகிர்தாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்பது போன வாரம் போனில் உன் குரலிலேயே தெரிந்தது. உன் அம்மா பேசி முடித்த பிறகு போனில் எனக்கு மிஞ்சுவது அரை நிமிடம். இந்த விஷயம் அதற்குள் அடங்காது, இதோடு வைத்திருக்கும் இரண்டு தாள்களையும் நீ கண்ணால் பார்க்க வேண்டும், அதனால்தான் ஸ்பீட் போஸ்ட். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. இன்னும் மழை இல்லை. சரக்குக் காய நல்லது என்று தெருவில் பாதிப் பேரும், கிணறு வற்றுகிறது என்று மீதிப் பேரும் பேசுகிறார்கள். எதிர்த்த அச்சாபீஸில் காலண்டர் ஆர்டர் வந்துவிட்டது, பகலெல்லாம் மிஷின் சத்தம், உன் அம்மா டி.வி.யைக் கூட்டி வைக்கிறாள், நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

விஷயம் பாண்டிச்செல்வியைப் பற்றியது. விஸ்வநத்தம் வள்ளித்தாய் மகள். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்காக நடத்துகிற அந்தச் சிறப்புப் பள்ளியில் உன்னிடம் ஒன்றரை வருடம் படித்தவள். இப்போது பதினொரு வயது, நெடுநெடுவென்று வளர்ந்திருக்கிறாள். நீ கல்யாணமாகிப் போன பிறகு ஏழு மாதம் உன் இடத்துக்கு ஆள் போடவில்லை, இந்த ஜனவரியில்தான் முனியராஜ் என்று ஒரு வாத்தியாரைப் போட்டார்கள். தாயில்பட்டிக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். அவர் புதன்கிழமை நம் வீட்டுக்கு வந்தார். உன் விலாசம் வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டதும் உன் கையெழுத்துள்ள பதிவேட்டின் நகலைக் காட்டினார். போன வருடம் மார்ச் மாதம் நீ எழுதியது: கணக்கில் மந்தம், மூன்றாம் வகுப்புக்கு மேல் தகுதியில்லை. அதற்கு ஆதாரமாக நீ வைத்த பரீட்சைத் தாளும் அலமாரியில் இருந்திருக்கிறது. முதல் தாள் அதன் நகல்.

முப்பது வருடம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவன் என்பதால் யார் சொல்வதையும் நேரில் பார்க்காமல் எடுத்துக்கொள்வதில்லை. தாளை நானே உட்கார்ந்து பார்த்தேன். இருபது கணக்கு, பதினொன்று சரி, ஒன்பது தப்பு. ஒன்பதும் அடுத்த தானத்துக்குக் கொண்டுபோக வேண்டிய கணக்கு, அல்லது கடன் வாங்கிக் கழிக்க வேண்டிய கணக்கு. நாற்பத்தேழும் முப்பத்தெட்டும் எண்பத்து மூன்று என்று போட்டிருக்கிறாள். இருபத்தாறும் இருபத்தொன்பதும் ஐம்பத்து மூன்று. கூட்டலில் தப்பு ஆறு. அதில் நான்கில் விடை சரியாக இரண்டு குறைகிறது. கழித்தலில் தப்பு மூன்று, மூன்றிலும் சரியாக இரண்டு கூடுகிறது. மிச்சம் இரண்டு கூட்டலும் விசித்திரம். முப்பத்தாறும் இருபத்து நாலும் ஐந்நூற்றுப் பத்து என்று இருக்கிறது, நீ சிவப்பு மையில் வட்டம் போட்டு இரண்டு கேள்விக்குறி வைத்திருக்கிறாய். தப்பு என்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்க வேண்டும். இது ஒரே சட்டத்தில் வந்த தப்பு.

முனியராஜ் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. அதே கணக்கை அவளிடம் திரும்பக் கொடுத்து, ஏ புள்ள, இது எப்படி வந்துச்சு, வாய்விட்டுச் சொல்லு என்று கேட்டிருக்கிறார். அவள் சொன்னாளாம்: "ஏழும் எட்டும் பதினஞ்சு சார். பதினஞ்சுல ஒரு குரோஸ் போச்சுன்னா மிச்சம் மூணுதான?" அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சின்ன வயதில் அவர் வீட்டிலும் தீப்பெட்டி ஒட்டியவர்கள்தான். பன்னிரண்டு பெட்டி ஒரு டஜன், பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ். அந்த வீடுகளில் பத்துக்கு வேலையே கிடையாது, பன்னிரண்டு சேர்ந்தால்தான் அடுத்த வரிசைக்கு ஒன்று போகும். பத்தாம் தானம் அவளுக்குக் குரோஸ், ஒன்றாம் தானம் டஜன்; ஐந்நூற்றுப் பத்து என்று நீ படித்தது ஐந்து குரோஸும் பத்து டஜனும். பத்துதான் இருக்கிறது, பன்னிரண்டு ஆகவில்லை, அதனால் அவள் கொண்டுபோகவில்லை.

வியாழக்கிழமை முனியராஜோடு நானும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்திலிருந்து நடந்தால் ஆறு நிமிடம். கதவுக்கு உள்பக்கச் சுவரில் கரிக்கோடு: இடப்பக்கம் குரோஸ், வலப்பக்கம் டஜன், தாய் ஒட்டியது ஒரு வரி, சித்தி ஒட்டியது ஒரு வரி, அடியில் கூட்டல். எட்டு வயதிலிருந்து தினம் சாயங்காலம் கூட்டுவது பாண்டிச்செல்விதான், பெட்டி எடுக்க வரும் ஏஜெண்ட் ஒரு நாளும் பிழை கண்டதில்லை. நீ அந்தச் சுவரைப் பார்த்ததில்லை. உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. நாலரை பஸ்ஸை விட்டால் ஆறு மணிக்குத்தான் அடுத்த பஸ், விட்டுவிடாதே என்று தினமும் வாசலில் நின்று சொல்லி அனுப்பியவன் நான்.

முனியராஜ் அவளைத் தப்பு என்று சொல்லவில்லை. போர்டை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் ஆபீஸ் கணக்கு, ஒரு பக்கம் பள்ளிக்கூடக் கணக்கு என்று எழுதி, இங்கே பன்னிரண்டுக்கு ஒன்று, அங்கே பத்துக்கு ஒன்று என்று ஒரே கணக்கை இரண்டு விதமாகப் போடவிட்டார். இவள் ஒருத்திதான் என்று நினைத்தவர், வகுப்பில் இருபத்து மூன்று பேரில் இன்னும் ஏழு பேர் அப்படியே போட்டுக்கொண்டிருந்ததை அப்போதுதான் கண்டிருக்கிறார். ஒன்பதாம் நாள் வைத்த பரீட்சை இரண்டாவது தாள். இருபதுக்கு இருபது. போன கடிதத்தில், அங்கே இப்போது நீ எடுக்கும் வகுப்பில் செங்கல் சூளைப் பிள்ளைகள் நான்கு பேருக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறவில்லை என்று எழுதியிருந்தாய். உன் தொழில் உனக்குத் தெரியும். ஆனாலும் சிவப்புப் பேனாவைத் திறக்குமுன் விடை எப்படி வந்தது என்று ஒரு தரம் கேட்டுப் பார்.

இப்போது அவசரம் என்னவென்றால், நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனால் தலைமையாசிரியர் பதிவேட்டைத்தான் பார்க்கிறார். மூன்றாம் வகுப்பு என்றால் சேர்க்கிறேன் என்கிறார். புது வாத்தியார் ஒரு வாரம் சொல்லிக்கொடுத்து வாங்கின மார்க்கு, அதை நம்பி ஒன்றரை வருடம் பார்த்த டீச்சர் எழுதியதை நான் எப்படி அடிக்க முடியும், எழுதின கை மாற்றி எழுதட்டும், அன்றைக்கே சேர்க்கிறேன் என்பது அவர் பேச்சு. நானும் போய்ப் பேசினேன், அசையவில்லை. பிடிவாதக்காரர், பொல்லாதவர் அல்ல. கடைசி நாள் ஜூன் முப்பது, வெள்ளிக்கிழமை.

வள்ளித்தாய் எங்களை நடையில் பாய் போட்டு உட்கார வைத்து, குடிக்கக் கலர் வாங்கி வரச் சொன்னாள், வேண்டாம் என்று தடுத்தேன். "டீச்சரம்மா சொகமா இருக்காகளாய்யா? பேன் சீப்பு வாங்கியாந்து இவளுக்குத் தலையெல்லாம் சீவி விடுவாகளே, நல்ல மனசு" என்றாள். பிறகு சொன்னாள்: "மூணாங்கிளாஸ்ல கொண்டு உக்கார வச்சா இவ ஒசரத்துக்குப் பெஞ்சு பத்தாதுய்யா. சின்னப்புள்ளைக பூராம் சிரிக்கும். அதுக்குப் பட்டாசுக் கம்பெனியில வயசக் கூட்டிச் சொல்லிச் சேத்துவிட்டா, அங்கனயாச்சும் இவளையும் ஒரு ஆளுன்னு எண்ணுவாக." தன் தங்கை வேலை பார்க்கும் இடத்தில் சொல்லியும் வைத்துவிட்டாள். பாண்டிச்செல்வி சுவரோரம் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். முனியராஜ், ஏ புள்ள, உன் கணக்குல ஒரு குரோஸ் நாளுக்கு அங்கிட்டு நீ கலெக்டரு, என்று கேலி பண்ணினார். அவள் தலை நிமிராமல், ஒரு குரோஸ் நாளுன்னா அஞ்சு மாசங்கூட ஆகல சார், அதுக்குள்ள யாரு கலெக்டராக்குவாக, என்றாள். வள்ளித்தாயே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் முப்பதாம் தேதி வரை பொறுத்துக்கொள் என்று கேட்டேன். உங்க மொகத்துக்காகச் சரி என்றாள்.

ஆகவே தலைமையாசிரியர் பெயருக்கு ஒரு கடிதம் எழுதி எனக்கு அனுப்பு, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அரைப் பக்கம் போதும். நான் எழுதியது தவறு, பாண்டிச்செல்வி ஆறாம் வகுப்புக்குத் தகுதியானவள், என்று நேராக எழுது. மறுபரிசீலனை என்பது போன்ற வார்த்தை வேண்டாம், பஸ் நேரத்தையும் இழுக்காதே. அதே கையெழுத்து, அதே இனிஷியல், தேதி. இரண்டாவது தாளில் சிவப்பு மை இல்லாத இடமாகப் பார்த்து நீயும் ஒரு கையெழுத்துப் போட்டு அதையும் கூட வைத்துவிடு.

அங்கே மழை தொடங்கிவிட்டதாக டி.வி.யில் காட்டினார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருவரும் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், உன்னிடம் வரும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும் என்பது எங்கள் இருவர் ஆசியும். இங்கிருந்து தபால் போக ஐந்து நாள், அங்கிருந்து வர ஐந்து நாள் என்று வைத்துக்கொள். தபால்காரர் பதினோரு மணிக்கு வருவார், முப்பதாம் தேதி வரை நான் வெளியூர் எங்கும் போகவில்லை. அதற்கு மேல் வள்ளித்தாயிடம் ஒரு நாள் கூடக் கேட்க எனக்கு வாயில்லை.

அன்புள்ள அப்பா,
சீனிவாசகம்