அப்பா எழுதிய பாட்டு

பார்ன்ஸ்லி, இங்கிலாந்து,
திங்கட்கிழமை.

அன்பு மகள் ஹேசலுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், ஆஸ்திரேலியா வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் கருகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். சனிக்கிழமையிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. போனில் சொல்லலாமென்றால் இவர் பக்கத்திலேயே இருப்பார், அதனால்தான் கடிதம்.

கிளப்பின் ஆண்டு விழாவில் ஒவ்வொரு குழுவும் ஒரு சொந்தப் பாட்டாவது பாடியாக வேண்டும் என்று இந்த வருஷம் சொல்லிவிட்டார்கள். நாற்பது வருஷமாக அடுத்தவன் பாட்டையே பாடிய உன் அப்பாவின் ராக் குழுவுக்குக் கிலி பிடித்துவிட்டது. இவர் ஒன்று எழுதினார், நெடுஞ்சாலை, நெருப்பு, மோட்டார் சைக்கிள் என்று. பேஸ் கிடார் வாசிக்கும் லெஸ்லி அதைப் படித்துவிட்டு, "ஏன்டா கிளிஃபு, நீ என்னைக்குடா பைக் ஓட்டுன? பஸ்லயே வாந்தி எடுக்கறவன்தானே நீ" என்று கேட்டான். நான் சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிவிட்டேன். இவர் முறைத்துக்கொண்டு தோட்டத்துக் கொட்டகைக்குள் போனவர்தான், ஒரு வாரம் யாரையும் உள்ளே விடவில்லை.

சனிக்கிழமை கிளப்பில் ஒரே கூட்டம். புதுப் பாட்டு என்றதும் பாதிப் பேர் பீர் வாங்க எழுந்தார்கள். இவர் கிடாரை ஓங்கி ஓர் இழுப்பு இழுத்துப் பாட ஆரம்பித்தார். அங்கே மழையா, கார் ஒழுங்காக ஓடுகிறதா, சரி, இரு, அம்மாகிட்ட தரேன். அவ்வளவுதான் பல்லவி. நீ கூப்பிடும்போதெல்லாம் இவர் சொல்வது அதுதானே, வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு. கூட்டம் கொல்லென்று சிரித்தது, நானும்தான். இரண்டாவது தடவை பல்லவி வந்தபோது ஆண்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். அப்புறம் கடைசிச் சரணம். போனைக் கொடுத்துவிட்டு டிவி பார்க்கப் போவதாகச் சொல்வேன், போவதில்லை, மாடிப்படியில் உட்கார்ந்து போனிலிருந்து கசியும் உன் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று பாடினார். ஹேசல், இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்கே தெரியாது. போன கிறிஸ்துமஸில் அப்பாவுக்கு என்மேல் அக்கறையே இல்லை என்று நீ அழுதபோது நானும் சும்மாதான் இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மேடைப் பொறுப்பாளர் நோரிஸ் மைக்கைப் பிடுங்க ஏறிவிட்டார். சமையலறையிலிருந்து இறைச்சி அடைத்த பை பலகாரம் சூடாக வந்துவிட்டால் யார் பாடினாலும் நிறுத்தி அறிவிப்பது அவர் வழக்கம், உனக்குத் தெரியுமே. அவர் மகன் கனடாவில் இருக்கிறான். மைக் பக்கத்தில் வாயைத் திறந்தார், மூடினார், அப்படியே நின்று அழுதார். பை எல்லாம் ஆறிப்போயிற்று, ஒருத்தரும் கேட்கவில்லை. மூன்று தடவை பாடச் சொன்னார்கள். வரும் வழியில், உங்களுக்கு ஏன் கண் சிவந்திருக்கிறது என்று கேட்டேன். "லைட்டு கண்ணுல அடிச்சுது" என்றார்.

நன்றாகச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு சண்டை போடாதே, நீங்கள் இருவரும் நூறு வயது சிரித்துக்கொண்டு வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்தில் தவறாமல் கூப்பிடு. நான் லெஸ்லியின் மனைவியோடு வெளியே போய்விடுவேன், இவரிடம் இதைச் சொல்லப் போவதில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னை வீடு முழுக்கத் தேடுவார். எவ்வளவு நேரமானாலும் நீ வைத்துவிடாதே.

உன் அம்மா,
டோரீன்