எள்ளளவு கல்

நான்சி, 12.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் கதைத்தால் இருவரும் கத்துவோம். அதுதான் எழுதுகிறேன். "ரயில்வே வேலையை விட்டிட்டு, கல்லுக்குள்ளை காத்துத் தேடவோ உன்னைப் படிப்பிச்சனான்?" என்று கேட்டீர்கள். அது காற்றில்லை. செனன் வாயு. எதனோடும் சேராது, அதனால்தான் விண்கல்லுக்குள் இத்தனை காலமும் மாறாமல் கிடக்கிறது. என்னிடம் எள்ளளவு துணுக்கு ஒன்றுதான் உண்டு. வெற்றிடத்தில் லேசரால் உருக்கும்போது வருகிற மற்ற வாயுக்களைச் சூடான டைட்டானியம் விழுங்கிவிடும். மிஞ்சியதைக் குளிரவைத்துப் பிடித்து, மெல்லச் சூடாக்கி, ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். ஒருமுறைதான் உருக்கலாம். வெளிக்காற்று புகுந்தால் மூன்று வருச உழைப்பும் போச்சு.

ஜூன் பதினேழில் எனக்கு முனைவர் பட்டப் பரீட்சை. நீங்கள் வர வேண்டும்.

மகன்,
சேந்தன்

லா சப்பல், 3.11.2024

அன்பு மகனுக்கு,

கடிதம் பாதிதான் விளங்கியது. கோபம் முழுதாக இருக்கிறது. உணவகச் சமையலறையில் என்னோடு வேலை செய்யும் அன்ரன் அண்ணை கேட்டார், "உம்மடை பெடியன் என்ன செய்யிறான்?" "கல்லு உருக்கிறான்" என்றேன். "ஆ, நகைக்கடையோ?" என்றார்.

ஜூனில் லீவு கிடைக்காது. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா

நான்சி, 4.5.2025

அப்பா,

கார்த்திகையிலேயே உருக்கியாயிற்று. கசிவில்லை. வந்த செனன் நம் காற்றினதும் இல்லை, சூரியனதும் இல்லை. சூரியன் பிறக்கமுன் வெடித்த வேறொரு நட்சத்திரத்தினது. கட்டுரை வெளிவந்துவிட்டது, முதல் பக்கம் இணைத்திருக்கிறேன். அன்ரன் அண்ணையிடம் காட்டுங்கள்.

சேந்தன்

லா சப்பல், 9.5.2025

சேந்தன், அவசரம்.

பக்கத்தின் தலைப்பில் "குணரத்தினமும் மற்றவர்களும்" என்று என் பெயரை மட்டும் அடித்திருக்கிறார்கள். உன் பெயர் கீழே, சின்ன எழுத்தில். அந்தக் கல்லை நான் கண்ணாலும் கண்டதில்லை. என் விசாவில் ஓர் எழுத்துப் பிழைத்ததற்குப் பொபினி விசா அலுவலக வாசலில் விடிய விடிய வரிசையில் நின்றோமே, மறந்துவிட்டாயா? உன் உழைப்பு இன்னொருவன் பெயரில் போகக்கூடாது. இன்றைக்கே போய்த் திருத்து.

அப்பா

நான்சி, 14.5.2025

அப்பா,

பிழையில்லை. கட்டுரையை முதலாவதாக எழுதியவனின் குடும்பப் பெயரால்தான் சொல்வார்கள்; கூட எழுதியவர்கள் எல்லாரும் "மற்றவர்கள்". என் குடும்பப் பெயர் உங்கள் பெயர். இனி யப்பானில் ஒருவன் இந்தச் செனனைப் பற்றி எழுதினாலும் "குணரத்தினம் காட்டியபடி" என்றுதான் தொடங்க வேண்டும். திருத்த மாட்டேன்.

சேந்தன்

லா சப்பல், 20.5.2025

அன்பு மகனுக்கு,

முதலாளியிடம் லீவு கேட்டேன். "என்ன அலுவல்?" என்றார். "நான்சியிலை என்ரை பேரைப் பரீட்சிக்கினம், நான் நிக்காட்டிச் சரியில்லை" என்றேன். தந்துவிட்டார். அந்தப் பக்கம் இப்போது சமையலறைச் சுவரில் இருக்கிறது. அம்மா புதுச் சேலை எடுத்துவிட்டாள். அன்ரன் அண்ணையும் வாறாராம்.

இப்படிக்கு,
குணரத்தினமும் மற்றவர்களும்