சிரித்த பதிவு

நெய்தல் வானிலை நிலையம், புவிநிலைச் சுற்றுப்பாதை. பணியில் ஒருவர்: ரெக்ஸ்லின், கடல் வெப்ப ஆய்வாளர்.

2061 ஜூன் 13, காலை 10.00

வங்கக் கடல் மேற்பரப்பு 31.9 டிகிரி. நேற்றைவிட 0.2 கூடுதல். காற்று வடிகட்டி சரி. குடிநீர் சரி. உப்புமாப் பொட்டலம் வழக்கம்போல மரத்தூள்.

நாளையோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. நாளை மறுநாள் காலை ஐந்து மணிக்குத் தேரிப்பட்டணத்தின் 214 விசைப்படகுகளும் கடலுக்குப் போகும். 'ஆரோக்கிய அன்னை' படகில் என் அண்ணன் சேசுமணி போகிறார். இந்த நிலையத்தை நடத்தும் 'திசை நேரலை' தொலைக்காட்சி அதை நாள் முழுக்கக் காட்டப்போகிறது. ஒரு பிஸ்கட் நிறுவனம் வழங்குகிறது.

ஜூன் 14, காலை 8.15

தென்கிழக்கில் சுழல். சிறியது, ஆனால் வேகமாக இறுகுகிறது. ஜூன் மாதத்தில் இந்தப் பக்கம் புயல் வராது என்றுதான் படித்தேன். கடலைக் கொதிக்க வைத்துவிட்டு அதனிடம் போய்ப் பஞ்சாங்கம் பேச முடியாது. நாளை காலை ஒன்பது மணிக்குள் படகுகள் இருக்கும் இடத்தைத் தாக்கும்.

சிவப்பு எச்சரிக்கை அனுப்பிவிட்டேன். மக்களிடம் அறிவிக்கும் உரிமை ஒப்பந்தப்படி திசை நேரலையுடையது. அளப்பது மட்டும் என் வேலை.

பகல் 11.30

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஹேமந்த் அனுப்பிய பதில்:

"மேடம், மத்த கணிப்புல எல்லாம் இது வலுக்காதுன்னுதான் இருக்கு. நாம மட்டும் எதுக்குப் பயமுறுத்தணும்? சாயங்காலம் விவாதத்துல வைக்கிறோம். நாலு பேர் பேசட்டும், மக்களே முடிவு பண்ணட்டும்."

புயல் வருமா என்று விவாதிக்க நாலு பேர். அதில் ஒருவர் ஜோதிடர்.

மாலை 6.40

வாக்கெடுப்பில் 71 சதவீதம் பேர் "வராது" என்றார்கள். பிறகு திரையில் நான் வந்தேன், சிரித்துக்கொண்டே. "கடல் அமைதியாக இருக்கிறது. தைரியமாகப் போய் வாருங்கள்."

அது ஏப்ரலில் எடுத்த பதிவு. தொடர்பு அறுந்தால் கைவசம் இருக்கட்டும் என்று ஹேமந்த் இரண்டு கேட்டிருந்தார்: ஆபத்து என்று ஒன்று, ஆபத்தில்லை என்று ஒன்று. தேர்தல் முடிவு வருவதற்கு முன்பே இரண்டு தலைப்புச் செய்தியையும் எழுதி வைப்பார்களாம், அதுபோல. நானும் கொடுத்தேன். சிரிப்புப் போதவில்லை என்று இரண்டாவதை நான்கு முறை எடுத்தோம். நான்காவது எனக்கே பிடித்துப்போய் அண்ணனுக்கு அனுப்பி வைத்தேன்.

ஒன்பது முறை அழைத்தேன். ஹேமந்த் எடுக்கவில்லை. கடலோர அலுவலகத்துக்கும் அண்ணனுக்கும் அனுப்பியவை ஹேமந்தின் பெட்டியில் போய் விழுகின்றன. இங்கிருந்து கிளம்பும் ஒவ்வொரு சொல்லும் அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும்.

ஜூன் 15, காலை 5.20

கரையை விட்டு 214 புள்ளிகள் நகர்கின்றன. படகு கிளம்பினால்தான் அதன் அவசர வானொலி உயிர் பெறும். அது மட்டும் ஹேமந்த் வழியாகப் போகாது; ஆனால் அதில் பேச எனக்கு அனுமதியில்லை. பேசினேன். ஆரோக்கிய அன்னையின் டிரைவர் கில்பர்ட் எடுத்தார்.

"யாரும்மா நீ? கடல் கலங்கித்தான் கெடக்கு. எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா ரெக்ஸ்லினே டிவியில போங்கன்னு சொல்லிட்டா. எங்க சேசுமணி தங்கச்சி."

நான்தான் ரெக்ஸ்லின் என்றேன். அண்ணனிடம் கொடுக்கச் சொன்னேன்.

"கொரல யாரு வேணாலும் செஞ்சிரலாம்மா இப்ப. தடை முடிஞ்சி மொத நாளு. எங்களத் திருப்பிவிட எவன் ஏவிவிட்டான் ஒன்ன? வையி."

மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். பதினொரு படகுகள் மட்டும் திரும்பின.

காலை 9.50

காற்று மணிக்கு 140 கிலோமீட்டர். திசை நேரலையில் படகுகள் கிளம்பிய காட்சியை மெதுவாக ஓட்டிப் பாட்டுப் போடுகிறார்கள். அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே எண்ணுகிறேன். கடலில் 203 புள்ளிகள். 160. 121. 58. ஆரோக்கிய அன்னை இருக்கிறது.

10.25

இல்லை.

11.40

ஹேமந்த்:

"மேடம், ரொம்ப வருத்தமா இருக்கு. ஒரு இரங்கல் பதிவு உடனே வேணும், நாப்பது செகண்ட். ரெண்டு விதமா குடுத்துருங்க. ஆயிரத்துக்கு மேல போனா ஒண்ணு, கீழன்னா ஒண்ணு."

கேமராவின் கேபிளைப் பிடுங்கி எறிந்தேன். அருவருப்பு அவர்கள்மேல் மட்டும் என்றால் தாங்கிக்கொள்வேன்.

1.05

திரையில் நான். வெள்ளைப் புடவை. என்னிடம் புடவை கிடையாது. கண்ணீர் சரியான இடத்தில் வந்து நிற்கிறது. "என் அண்ணனையும் பறிகொடுத்தேன்" என்கிறேன். அவர் படகு மறைந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை, இங்கே மட்டும்தான் எழுதினேன். இந்தக் குறிப்பையும் படிக்கிறார்கள்.

கில்பர்ட் சொன்னது சரிதான். குரலை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம்.

இதைக் கண்டெடுப்பவரே, ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அழுதது நானல்ல.

சிரித்தது நான்தா

(குறிப்பு இங்கே துண்டிக்கப்பட்டிருக்கிறது.)